ஓரத்தில் நின்றவள்

உங்கள் செல்போனுக்குள் எத்தனை படங்கள் இருக்கின்றன என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா, சகோதரிகளே? நான் பார்த்தேன். என் போனில் 5,000-க்கு மேல் இருந்தன. அவற்றில் பாதி மளிகை ஜாபிதா, மின்சார பில், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கம். அவற்றைத் தள்ளிவிட்டால் மீதியெல்லாம் கல்யாணம், காதுகுத்து, கொலு, குழந்தைகளின் பல் இல்லாத சிரிப்பு. இவ்வளவு இருந்தும், கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில் ஒரு படம் உண்டா என்றால், கிடையாது!

2024-ஆம் வருஷம் அம்மாவின் முதல் வருஷத் திவசம் நெருங்கியபோதுதான் எனக்கு இது உறைத்தது. உடன்பிறந்தவர்கள் நாங்கள் ஐந்து பேர். திவசத்துக்கு எல்லோரும் வருவார்கள். ஆளுக்கு ஒரு படம் கொடுக்க வேண்டும், அதிலே அம்மாவும் நாங்களும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தேடித் தேடிப் பார்த்ததில் அப்படிப்பட்ட படம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. 2022-இல் அக்கா பெண்ணின் வளைகாப்பன்று எடுத்தது.

அந்தப் படம் எடுத்த கதையைக் கேளுங்கள். அக்கா பிள்ளை போனை நீட்டிக்கொண்டு, "எல்லாரும் வரிசையா நில்லுங்கோ" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். எல்லோரும் நின்றாகிவிட்டது. அம்மாவைக் காணோம். வழக்கம் போல் சமையலறையில் இருந்தாள். கூப்பிட்டால், "நான் எதுக்குடீ இதிலே? நீங்கள்ளாம் நில்லுங்கோ, நான் பார்த்துக்கறேன்" என்று பதில் வந்தது. தம்பி உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தான். யாருக்கோ காப்பி கொண்டுவந்த டவரா டம்ளர் கையில் இருந்தபடியே வந்து, வலது கோடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நாங்கள் பத்துப் பேர். பத்தாவது ஆள் அம்மா.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கலர் லேப் இருக்கிறது. அங்கே கொண்டு போவதற்கு முன்னால் நான் செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து அந்தப் படத்துக்குச் சிங்காரம் செய்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். சின்னத் தங்கையின் கண்ணில் விழுந்திருந்த சிவப்பை எடுத்தேன். என் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தெரிந்தது. அதையும் கொஞ்சம் சரிப்படுத்தினேன். பொய் சொல்வானேன்? அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

லேப்பில் இருந்த பையனிடம், "மாக்ஸி சைஸில் ஐந்து காப்பி" என்றேன். 4-க்கு 6 அங்குலப் படத்துக்கு அதுதான் பெயர். சாயங்காலம் போய்க் கவரை வாங்கினேன். ஐந்து இருக்கிறதா என்று எண்ணினேன். மேலாக இருந்த ஒன்றில் என் தாடையைப் பார்த்துக்கொண்டேன். திருப்தி. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

திவசத்தன்று சாப்பாடு ஆனதும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தேன். கூட்டமாக எடுத்த படத்தில் முதலில் தன் முகத்தைத் தேடாதவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அவரவர் தங்களைப் பார்த்துக்கொண்டார்கள். "நான் அப்போ இளைச்சிருந்தேன்" என்றாள் அக்கா. "எனக்கு அப்போ தலைமயிர் இருந்தது" என்றார் அத்திம்பேர். ஒரே சிரிப்பு. தம்பி மட்டும் ஒன்றும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அம்மா எங்கே?" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். வலது கோடியில் ஒரு முழங்கை. அரக்குப் புடவையில் ஒரு துண்டு. ஒரு டவரா டம்ளர். அவ்வளவுதான்!

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே போய்ப் படிக்கட்டில் நின்றேன். பையன் வந்ததும் வராததுமாக ஐந்து படங்களையும் மேஜை மேல் வீசி, "எங்கம்மாவை என்னப்பா பண்ணினாய்?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

நல்ல பிள்ளை அவன். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னான். ஒரு காகிதத்தையும் ஸ்கேலையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினான். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்ட அந்தப் பாடத்தை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உங்களுக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போனில் எடுக்கிற படத்துக்கு ஒரு வடிவம் உண்டு, காகிதத்துக்கு வேறு வடிவம் உண்டு. அக்கா பிள்ளை, திரை முழுவதும் நிறைந்து அழகாகத் தெரிய வேண்டுமென்று, 16-க்கு 9 என்கிற அளவில் போனை வைத்திருந்தான். நீளம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. அந்தப் படத்தை 4 அங்குல உயரத்துக்குப் போட்டால் நீளம் 7 அங்குலத்துக்குச் சற்று மேலே போகும். காகிதத்தின் நீளமோ 6 அங்குலம்தான். மிச்சம் எங்கே போகும்? இந்தப் பக்கம் அரை அங்குலம், அந்தப் பக்கம் அரை அங்குலம் என்று கம்ப்யூட்டர் சமமாகப் பங்கு போட்டு வெட்டித் தள்ளிவிடுகிறது. இடது கோடியில் ஒரு தூணும் பாதி ஜன்னலும் இருந்தன. அவை போனதைப் பற்றிக் கவலை இல்லை. வலது கோடியில் அம்மா இருந்தாள். யந்திரத்துக்குத் தூணும் ஒன்றுதான், அம்மாவும் ஒன்றுதான்.

"16-க்கு 9 வைக்காமல் 4-க்கு 3 வைத்து எடுத்தால் தப்பித்துவிடுமா?" என்று கேட்டேன். முழுக்கத் தப்பாதாம். போனை மாற்றாமல் அப்படியே எடுத்தால் பெரும்பாலும் 4-க்கு 3 அளவுதான் வரும். அதை 6 அங்குல நீளத்துக்குப் போட்டால் உயரம் நாலரை அங்குலம் ஆகிறது. அப்போதும் அரை அங்குலம் மிஞ்சும். படுக்கைவாட்டில் எடுத்த படமானால் தலையிலும் காலிலும் கால் கால் அங்குலம் போகும். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததானால் இரண்டு பக்கவாட்டிலும் போகும். எப்படியும் ஓரம்தான் தண்டனை அனுபவிக்கிறது!

அப்படியானால் காகிதத்தை ஏன் 4-க்கு 6 என்று வைத்தார்கள்? அதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர், சினிமா பிலிமைச் சின்னக் காமிராவுக்குள் போட்டு, சினிமாவின் ஒரு கட்டத்தைப் போல் இரண்டு மடங்காக, 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர் என்று கட்டம் அமைத்தார். லைக்கா என்ற பெயரில் அந்தக் காமிரா 1925-இல் விற்பனைக்கு வந்தது. பிற்பாடு உலகம் முழுவதும் அந்த அளவுதான் பரவியது. 24-க்கு 36 என்பதைச் சுருக்கினால் 4-க்கு 6. பிலிம் காலத்தில் எடுத்த கட்டமும் போடுகிற காகிதமும் கச்சிதமாகப் பொருந்தின. பிலிம் போய்விட்டது. காகிதம் மட்டும் அந்த அளவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பழக்கமும் நம்மை விட்டுப் போகவில்லை. 1888-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதல் கோடக் காமிராவை விற்றபோது, 100 படங்களுக்கு வேண்டிய பிலிமை உள்ளே சுற்றி அடைத்தே கொடுத்தார். படம் எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர்கள் பிலிமைக் கழுவி, படம் போட்டு, புதுப் பிலிம் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அமுக்குவது மட்டும் நம் வேலை, மற்றதெல்லாம் கடைக்காரர் வேலை என்ற எண்ணம் அன்றைக்கு ஆரம்பித்தது. நானும் அந்த எண்ணத்தில்தான் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் யாரை வைத்துக்கொள்வது, யாரை வெட்டுவது என்பதைக் கடைக்காரர் எப்படி அறிவார்? அது நாம்தான் சொல்லவேண்டிய சமாசாரம்.

சொல்வதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கொடுப்பதற்கு முன்னால் போனிலேயே படத்தை 4-க்கு 6 வடிவத்துக்கு நாமே வெட்டிக்கொள்வது. பல போன்களில் வெட்டுகிற இடத்தில் அளவைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது. அங்கே 3-க்கு 2 என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றேதான். தூணைத் தள்ளி அம்மாவை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அப்போதும் தலையையோ தோளையோ ஓரத்தோடு ஓரமாக ஒட்டி வைக்கக் கூடாது. வெள்ளை விளிம்பில்லாமல் போடும்போது சுற்றிலும் ஒரு நூல் அளவு போய்விடும். இரண்டாவது வழி, வெட்டவே வேண்டாம், முழுப் படமும் வரட்டும் என்று சொல்லிவிடுவது. லேப்பில் "ஃபிட்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். படம் முழுவதும் உள்ளே வந்து, மேலும் கீழும் வெள்ளைக் காகிதம் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சினால் மிஞ்சட்டுமே!

பாடம் முடிந்ததும் பையன் ஐந்து படங்களையும் அம்மாவோடு சேர்த்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். பணம் வேண்டாம் என்றான். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். தப்பு அவனுடையது மட்டும் அல்லவே?

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. அம்மாவுக்குச் சுவரில் மாட்டத் தனியாக ஒரு படம் இல்லை என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது. அந்த வளைகாப்புப் படத்தில் அம்மா முகத்தில் ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு. அதை மட்டும் தனியே எடுத்து, 8-க்கு 12 அளவில் பெரிதாகப் போட்டுவிட்டால் என்ன?

மறுபடியும் பையனிடம் போனேன். அவன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக, கோலமாவு சிந்தின தரை மாதிரி கலைந்து தெரிந்தது. "இது வாட்ஸ்அப்பில் வந்த படமா அம்மா?" என்றான். ஆமாம் என்றேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், சீக்கிரம் போய்ச் சேருவதற்காகப் படத்தைப் பிழிந்து சுருக்கிவிடுமாம். நாளடைவில், 2023-இல், பெரிய அளவாக அனுப்ப ஒரு வசதி செய்தார்கள். ஆனாலும் எடுத்தது எடுத்தபடியே வேண்டுமானால், "டாக்குமென்ட்" என்று இருக்கிற இடத்தின் வழியாக அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது பென் டிரைவில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் புள்ளிக் கணக்குதான், சகோதரிகளே. புள்ளிக் கோலம் போடுகிற நமக்கு இது புரியாதா? கையில் வைத்துப் பார்க்கிற படம் தெளிவாக இருக்க வேண்டுமானால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஒரு கணக்கு. 4-க்கு 6 படத்துக்கு 1200-க்கு 1800 புள்ளி போதும். 8-க்கு 12 என்றால் 2400-க்கு 3600 வேண்டும். என்னிடம் இருந்த படத்தில் நீளவாட்டில் 1600 புள்ளிதான் இருந்தது. சின்னப் படத்தில் குறை தெரியவில்லை, பெரிசாக்கும்போது குட்டு வெளிப்பட்டது.

அன்றைக்கே அக்கா பிள்ளைக்குப் போன் செய்தேன். "சித்தி, அது பழைய போனாச்சே, அதை மாத்திட்டேனே" என்றான். எனக்குப் பகீர் என்றது. போனை மாற்றும்போதும், இடம் போதவில்லை என்று அழிக்கும்போதும் எத்தனை வீட்டில் எத்தனை அசல் படங்கள் போய்விடுகின்றனவோ! நல்ல வேளை, அவன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி ஏற்றி வைத்திருந்தான். இரண்டு நாள் கழித்து அசல் வந்தது. நீளவாட்டில் 4000 புள்ளி, உயரத்தில் 2250. தாராளம்!

தாராளம் என்பது பத்துப் பேருக்கும் சேர்த்து. அம்மாவின் முகத்துக்கு மட்டும் பங்கு பிரித்துப் பார்த்தால், குறுக்கே 200 புள்ளிதான் தேறியது. 300-ஆம் கணக்கில் முக்கால் அங்குலம்கூட இல்லை. தபால் தலை அளவு!

என் முகம் வாடியதைப் பார்த்த பையன், "கவலைப்படாதீங்கம்மா, இப்போ ஏ.ஐ. இருக்கு" என்றான். எதையோ தட்டினான். ஒரு நிமிஷத்தில் திரை முழுவதும் பளிச்சென்று ஒரு முகம் வந்து நின்றது. ஒரு புள்ளி கலையவில்லை. கண் இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. நெற்றிச் சுருக்கங்கள் மழமழவென்று ஆகியிருந்தன. பல்வரிசை முத்துப் போல் இருந்தது. அம்மாவின் முன்பல் ஒன்று மற்றொன்றின் மேல் கொஞ்சம் ஏறியிருக்கும். அது இல்லை. இடது கன்னத்து மரு இல்லை. அழகான ஒரு மாமி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

காரணம் கேட்டேன். இல்லாத புள்ளிகளைக் கம்ப்யூட்டர் எங்கிருந்தாவது கொண்டுவந்து நிரப்பித்தானே ஆகவேண்டும்? லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில், இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து எழுதிவிடுகிறதாம். மங்கின எழுத்தைப் படிக்க முடியாதவன், தன் இஷ்டத்துக்கு வார்த்தை போட்டுக் கடிதத்தைப் பூர்த்தி செய்வது மாதிரி. எழுத்து தெளிவாக இருக்கும், எழுதினவர் வேறு.

"வேண்டாம்ப்பா" என்றேன். "முழுப் படத்தையும் போட்டுவிடு. பத்துப் பேரோடும் சேர்ந்தே இருக்கட்டும்."

8-க்கு 12-இல் போடுவதற்கு முன்னால் பையன் ஒரு புத்தி சொன்னான். முதலில் சின்னதாக ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாகப் போட வேண்டும். போட்டுப் பார்த்ததில் அம்மாவின் அரக்குப் புடவை கறுப்பாக வந்தது. நான் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துக்கொண்டு படத்தைச் சரிப்படுத்தியதன் பலன் அது. போனின் திரை தானே விளக்கு மாதிரி எரிகிறது. காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அதனால் திரையில் சரியாக இருக்கிற படம் காகிதத்தில் இருண்டுதான் வரும். பகல் நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து, திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பார்த்துத் திருத்த வேண்டுமாம். அப்படியே செய்தேன். புடவை அரக்காயிற்று. என் தாடையையும் பழையபடி இரண்டாக்கிவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த என் முகம் அதுதானே?

இப்போது அந்தப் படம் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. 12 அங்குல நீளம், உயரம் 7 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலும் கீழும் வெள்ளைப் பட்டை. கண்ணாடி போடுகிற கடைக்காரர், "இந்த வெள்ளையை வெட்டிட்டா இன்னும் லட்சணமா இருக்கும்" என்றார். "நீங்கள் கத்தியையே எடுக்க வேண்டாம்" என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று சட்டம் போட்டு வாங்கிவந்தேன்.

படத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீட்டில் பந்தி நடக்கும்போது கடைசியில் சாப்பிடுகிறவர்கள்தான் படத்தில் ஓரத்தில் நிற்கிறார்கள். இன்னொருவருக்கு இடம் விட்டு இடம் விட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். அதனால் படம் போடக் கொடுக்குமுன் நடுவில் இருக்கிறவர்களைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். முதலில் நாலு ஓரத்தையும் பாருங்கள். கவரை வாங்கியதும் எண்ணிக்கையோடு நில்லாமல், அந்த இடத்திலேயே ஓரங்களை மறுபடி பாருங்கள். உங்கள் போனில் இருக்கிற ஆயிரக்கணக்கான படங்களில் பத்தே பத்தைப் பொறுக்கி, அசலைப் பத்திரமாக இரண்டு இடத்தில் வைத்து, இந்த மாதமே காகிதத்தில் போட்டு வையுங்கள். யாராவது போன பிறகு தேடுவது ரொம்பக் கஷ்டம்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கொலுவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தான் அக்கா பிள்ளை. உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த என்னை யாரோ கூப்பிட்டார்கள். "நான் எதுக்குடா? நீங்கள்ளாம் நில்லுங்கோ" என்று என் வாய் தானாகச் சொல்லியது. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

கூடத்துக்கு வந்து, வழக்கம் போல் ஓரத்தில் போய் நின்றேன். போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "சித்தி, நடுவிலே வாங்கோ" என்றான் அவன்.

கரண்டியோடேயே போய் நடுவில் நின்றேன்.